கழற்றிச் செருகும் ஆசை: ஒரு ரவுட்டர், மூன்று டிரைவ்கள்

ஃபார்மேட் முடிந்தது என்று லேப்டாப் சொன்னது. பென்டிரைவைக் கழற்றி மறுபடி செருகிப் பார்த்தேன். அழித்த படங்கள் அத்தனையும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன. வேறு மென்பொருளில் முயன்றேன், வேறு கணினியிலும் முயன்றேன். எல்லாமே 'வெற்றி' என்றன. கழற்றிச் செருகியதும் பழைய படங்கள் திரும்பி வந்து நின்றன. செத்துப்போன பென்டிரைவ் பல சமயம் இப்படித்தான் நடந்துகொள்ளும். இனி எழுதுவதில்லை என்று உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சிப் முடிவெடுத்துவிடும். ஆனால் எழுதச் சொல்லி வரும் கட்டளைக்கு மட்டும் பணிவாகத் தலையாட்டி வைக்கும்.

எங்கள் வீட்டு ரவுட்டரில் செருகிக் கெட்டுப்போன முதல் டிரைவ் அது. அடுத்து வந்த ஹார்டு டிஸ்க் சாகவில்லை, அதைவிட மோசமாக மூன்று வாரம் பொய் சொன்னது. மூன்றாவதாக வைத்த எஸ்எஸ்டி இன்றுவரை ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் காரணம் வேறு என்றுதான் அப்போது நினைத்தேன். குறிப்புகளைப் புரட்டிப் பார்க்கும்போது, முதல் இரண்டு தவறுகளுக்கும் அடியில் ஒரே நினைப்புதான் இருந்திருக்கிறது: 'என்றைக்காவது இதைக் கழற்றி லேப்டாப்பில் செருக வேண்டி வந்தால்?' அந்த என்றைக்காவதுக்காக, தினமும் ஓட வேண்டிய ஒன்றைக் கெடுத்திருக்கிறேன்.

இருந்த சூழல்

ரவுட்டர் சாதாரணமானது. 880 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரட்டைக் கோர் மிப்ஸ் செயலி, 128 எம்பி ரேம், 16 எம்பி ஃப்ளாஷ், பின்பக்கம் ஒரே ஒரு யூஎஸ்பி 3.0 போர்ட். கூடவே வந்த ஃபர்ம்வேரில் (ரவுட்டரை இயக்கும் மென்பொருள்) ஃபைல் ஷேரிங் இருந்தது, ஆனால் எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறையின் முதல் பதிப்பு மட்டும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் நிரல் பரவியது அந்தப் பழைய பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து அந்தப் பதிப்பு இயல்பாக நிறுவப்படுவதே இல்லை. ரவுட்டருக்காக அதை லேப்டாப்பில் மறுபடி திறந்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் ஃபர்ம்வேரைப் போட்டு, அதன்மேல் கோப்புகளைப் பகிரும் சம்பா நிரலை நிறுவினேன்.

வேலைகள் மூன்று. வீட்டில் மூன்று பேரின் போன் படங்கள் இரவில் தானாக வந்து சேர வேண்டும். டிவி அதிலிருந்து வீடியோ எடுத்து ஓட்ட வேண்டும். யார் எவ்வளவு டேட்டா இழுக்கிறார்கள் என்ற கணக்கை ரவுட்டர் எழுதி வைக்க வேண்டும். மூன்றாவது வேலை என் சொந்தச் சபலம், யாரும் கேட்கவில்லை. பென்டிரைவைக் கொன்றதும் அதுதான்.

பென்டிரைவ்

மேசை இழுப்பறையில் கிடந்த 32 ஜிபி பென்டிரைவைச் செருகினேன். கைக்கு வந்தபோதே ஃபேட்32 என்ற ஃபைல் சிஸ்டத்தில் (டிரைவில் கோப்புகளை அடுக்கும் முறை) இருந்தது, அப்படியே விட்டேன். எதில் செருகினாலும் படிக்கும் என்பதுதான் சமாதானம்.

முதல் உதை இரண்டாம் வாரமே விழுந்தது. ஒரு நீளமான வீடியோ 4 ஜிபியை எட்டியதும் நின்றது. டிரைவில் இன்னும் 20 ஜிபி காலியாகக் கிடக்கிறது. ஃபேட்32-ல் கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட் இடம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆக ஒரு கோப்பு 4,294,967,295 பைட்டுக்கு மேல் போக முடியாது. விண்டோஸ் 95 காலத்தில், 1996-ல் வந்த வடிவம் இது. அன்றைக்கு 4 ஜிபி என்பது ஒரு முழு ஹார்டு டிஸ்க்கை விடப் பெரியதாக இருந்திருக்கும். இன்று ஒரே விழாவின் வீடியோ அதைத் தாண்டிவிடுகிறது. வீடியோவை இரண்டாக வெட்டிப் போட்டு, பிரச்சினை தீர்ந்ததாக நம்பினேன்.

இரண்டாவது உதை மின்வெட்டு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ரவுட்டரில் டிரைவ் வைப்பதில் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானது இதுதான். லேப்டாப்பில் செருகினால் 'பத்திரமாக வெளியேற்று' சொல்லிவிட்டுக் கழற்றுகிறோம், பேட்டரியும் இருக்கிறது. ரவுட்டருக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. மின்சாரம் போகும், பிளக்கை யாராவது இழுப்பார்கள், 'நெட் ஸ்லோ' என்று ஆஃப் செய்து ஆன் செய்வார்கள். ரவுட்டரில் ஓடும் லினக்ஸின் மையமான கர்னல், எழுதச் சொன்னதை உடனே டிரைவில் எழுதிவிடாது. ரேமில் வைத்திருந்து, இயல்பான அமைப்பில் சுமார் 30 வினாடி வரை தாமதித்தே கீழே இறக்கும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் என்ன மிஞ்சும் என்பதைத் தீர்மானிப்பது ஃபைல் சிஸ்டம்.

ஃபேட்32-ல் ஒரு கோப்பை எழுத மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும். தரவு போய் உட்காரும் கிளஸ்டர்கள் என்ற துண்டுகள், அந்தக் கிளஸ்டர்கள் எந்த வரிசையில் தொடர்கின்றன என்று சொல்லும் அட்டவணை, பெயரும் அளவும் பதிவாகும் ஃபோல்டர் பட்டியல். அட்டவணைக்கு நகல் ஒன்று உண்டு. ஆனால் மூன்று இடமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க நாட்குறிப்பு (ஜர்னல்) எதுவும் கிடையாது. பாதியில் நின்றால் அட்டவணை ஒன்று சொல்லும், ஃபோல்டர் வேறொன்று சொல்லும். ஒரு மின்வெட்டுக்குப் பிறகு சரிபார்க்கும் கருவியை ஓட்டியபோது, டிரைவின் மேல்தளத்தில் 'எஃப்எஸ்சிகே0000.ஆர்இசி' என்று தொடங்கி வரிசையாகப் பதினேழு கோப்புகள் முளைத்தன. ஒன்றைத் திறந்தால் ஒரு படத்தின் மேல்பாதி, மீதி சாம்பல் நிறம். எந்தப் படம், எந்த நாள், ஒன்றும் தெரியாது. உரிமையாளர் தெரியாத கிளஸ்டர் சங்கிலிகளை இப்படிப் பெயரிட்டு ஒதுக்கி வைப்பதுதான் அந்தக் கருவியால் முடிந்த உதவி.

அதன்பிறகும் அதையே ஓட்டினேன். எட்டாவது மாதம் முதல் பத்தியில் சொன்ன சாவு.

எதனால் செத்தது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டேட்டா கணக்கு 30 வினாடிக்கு ஒருமுறை எழுதப்பட்டது, அதாவது ஒரு நாளைக்கு 2,880 முறை. ஒவ்வொரு முறையும் 4 கேபி என்று வைத்தாலும் நாளுக்கு 11 எம்பி சொச்சம், ஒன்றுமே இல்லை. ஆனால் ஃப்ளாஷ் நினைவகத்தில் 4 கேபியை மட்டும் அழித்து எழுத முடியாது. அழிப்பது பெரிய துண்டுகளாகத்தான் நடக்கும், பல எம்பி அளவில். 4 எம்பி துண்டு என்று கொண்டால், மோசமான நிலையில் ஒவ்வொரு 4 கேபிக்கும் உள்ளே 4 எம்பி புரட்டப்படுகிறது. நாளுக்கு 11 எம்பி என்பது உள்ளே 11 ஜிபிக்கு மேல். ஆண்டுக்கு 32 ஜிபி முழுவதையும் ஏறக்குறைய 130 முறை அழித்து எழுதியதற்குச் சமம். தேய்மானத்தை எல்லாச் செல்களுக்கும் சமமாகப் பங்கிட்டால் அதையும் தாங்கிவிடும். எஸ்எஸ்டியின் கன்ட்ரோலர் அதைச் செய்கிறது. இலவசமாகக் கையில் திணிக்கப்படும் பென்டிரைவின் கன்ட்ரோலர் அந்த அளவுக்குப் பாடுபடுவதில்லை. ஃபேட் அட்டவணை வேறு எப்போதும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது. குருவி தலையில் பனங்காயை வைத்தது நான்தான், குருவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எட்டு மாதமும் எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹார்டு டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் ஸ்மார்ட் என்ற உடல்நலப் பதிவேட்டை வைத்திருக்கும், எத்தனை செக்டர் கெட்டது, எவ்வளவு தேய்ந்தது என்று கேட்டால் சொல்லும். பென்டிரைவ்களில் பெரும்பாலும் அது கிடையாது. நேற்று வரை நன்றாக இருக்கும், இன்று இருக்காது.

ஹார்டு டிஸ்க்

அடுத்து 1 டிபி கையடக்க ஹார்டு டிஸ்க். இந்த முறை புத்திசாலித்தனமாக நடப்பதாக எண்ணம்: விண்டோஸின் சொந்த ஃபைல் சிஸ்டம், 4 ஜிபி வரம்பு இல்லை, ஜர்னல் இருக்கிறது, விண்டோஸிலும் நேரடியாகத் திறக்கும். என்டிஎஃப்எஸ்.

முதல் வாரமே அக்கா கூப்பிட்டாள். "டேய், படம் பாதியிலயே நிக்குது. சுத்திச் சுத்தி வருது."

"என்ன நேரம்க்கா நின்னுச்சு?"

"நேரமெல்லாம் யாரு பாத்தா? நீ வந்து பாரு."

போய்ப் பார்த்தபோது இரண்டு நோய்கள் ஒன்றாகக் கிடந்தன. பிரித்து அறிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

முதல் நோய் செயலியில். ரவுட்டரில் என்டிஎஃப்எஸ்-ஐ மவுண்ட் செய்ய (டிஸ்க்கைத் திறந்து பயன்பாட்டுக்குக் கொண்டுவர) நான் பயன்படுத்தியது என்டிஎஃப்எஸ்-3ஜி. இது கர்னலுக்கு உள்ளே ஓடுவதில்லை, வெளியே ஒரு சாதாரண நிரலாக ஓடுகிறது. ஒவ்வொரு படிப்பும் எழுத்தும் கர்னலுக்கும் அந்த நிரலுக்கும் இடையே போய்வந்து போய்வந்து நடக்கும். வேகமான கணினியில் இது கண்ணுக்குத் தெரியாது. 880 மெகாஹெர்ட்ஸ் மிப்ஸில் தெரியும். ரவுட்டருக்குள் போய் எந்த நிரல் எவ்வளவு செயலியைத் தின்கிறது என்று பார்த்தால், மேலே என்டிஎஃப்எஸ் நிரல், அதற்கு அடுத்து சம்பா, இரண்டும் மாற்றி மாற்றி முதலிடம். நெட்வொர்க் வழியாக எழுதும் வேகம் வினாடிக்கு 10 எம்பியைத் தாண்ட மறுத்தது. 2021 இறுதியில் வந்த கர்னல் 5.15-லிருந்து என்டிஎஃப்எஸ்3 என்ற, கர்னலுக்குள்ளேயே ஓடும் டிரைவர் இருக்கிறது. அதற்கு மாறியதும் வேகம் இரட்டிப்புக்கு மேல் ஆனது. ஆனால் அக்காவின் படம் அப்போதும் நின்றது.

இரண்டாவது நோயைக் காட்டிக்கொடுத்தது கர்னல் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் லாகில் ஒரு எண். யூஎஸ்பியில் ஒரு சாதனம் துண்டித்து மறுபடி இணையும் ஒவ்வொரு முறையும் கர்னல் அதற்குப் புது எண் கொடுக்கும். ஒரே ஒரு டிஸ்க், யாரும் தொடாத டிஸ்க், 2 என்ற எண்ணில்தான் இருந்திருக்க வேண்டும். ஒரு வாரத்தில் 41-ல் நின்றது. அதாவது முப்பத்தொன்பது முறை தானாக விழுந்து எழுந்திருக்கிறது. டிஸ்க்குக்கு அருகில் காதை வைத்துக் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் சும்மா கிடந்தபின் டிவி ஒரு கோப்பைக் கேட்டது, உள்ளே தட்டு சுழலத் தொடங்கியது, ஒரு 'டிக்', பிறகு அமைதி, மறுபடி சுழற்சி. லாகில் 42.

காரணம் கரண்ட். யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு போர்ட் 500 மில்லியாம்ப் தரும், யூஎஸ்பி 3.0 என்றால் 900. 2.5 அங்குல டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்குள் அடங்கிவிடும். நின்ற நிலையிலிருந்து தட்டைச் சுழற்றிக் கிளப்பும் அந்த இரண்டு வினாடியில் 1 ஆம்பை எட்டக்கூடும். என் ரவுட்டரின் அடாப்டர் 12 வோல்ட், 1 ஆம்ப், மொத்தமே 12 வாட். செயலி, இரண்டு வைஃபை ரேடியோ, நான்கு லேன் போர்ட், எல்லாம் அதிலிருந்துதான். வைஃபை மும்முரமாக இருக்கும் நேரத்தில் டிஸ்க்கும் கிளம்பினால் வோல்டேஜ் சரியும், டிஸ்க் விழும். சில சமயம் ரவுட்டரே மறுபடி பூட் ஆகும்.

தனி அடாப்டரோடு வரும் யூஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் வைத்தேன். எண் அதன்பிறகு நகரவில்லை. ஹப் வாங்கும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும்: மட்டமான ஹப்கள் தங்கள் மின்சாரத்தை ரவுட்டரின் போர்ட் வழியாகத் திருப்பி அனுப்பும். ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஒரு விளக்கு மங்கலாக எரிந்தால் அதுதான். அப்படி ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினேன்.

இன்னொரு சங்கடமும் இதே துண்டிப்பால் வந்தது. டிஸ்க் திடீரென்று விழுந்து எழும்போது பழைய பெயர் இன்னும் பிடிபட்டிருந்தால் கர்னல் அதற்கு அடுத்த பெயரைக் கொடுத்துவிடும், எஸ்டிஏ இருந்த இடத்தில் எஸ்டிபி. மவுண்ட் அமைப்பில் பெயரை எழுதி வைத்திருந்தால், ரவுட்டர் இல்லாத டிஸ்க்கைத் தேடிக்கொண்டிருக்கும். போன்களின் படங்களோ மவுண்ட் ஆகாத வெற்று ஃபோல்டருக்குள், ரவுட்டரின் 16 எம்பி ஃப்ளாஷுக்குள் திணிக்கப்படும். பெயருக்குப் பதில், மாறாத அடையாள எண்ணான யுயுஐடி கொடுத்தால் இந்த வம்பு இல்லை.

மூன்று வாரப் பொய்

ஹப் வந்தபின் நான்கு மாதம் நிம்மதி. அப்போதுதான் அந்த 'என்றைக்காவது' வந்தது. ஒரு பெரிய ஃபோல்டரை லேப்டாப்புக்கு எடுக்க வேண்டும், நெட்வொர்க்கில் எடுத்தால் நேரமாகும். டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் லேப்டாப்பில் செருகி, காப்பி செய்து, லேப்டாப்பை ஷட்டவுன் செய்துவிட்டு, டிஸ்க்கை மறுபடி ரவுட்டரில் மாட்டினேன். டிவியில் படம் ஓடியது. எல்லாம் சரி என்று நினைத்தேன்.

விண்டோஸ் 8-லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் என்று சொன்னாலும் அது முழு ஷட்டவுன் இல்லை. சிஸ்டத்தின் ஒரு பகுதியை உறைய வைத்து டிஸ்க்கில் எழுதிவிட்டுத் தூங்கும், அடுத்த முறை சீக்கிரம் எழ. அந்த உறைநிலையில், செருகியிருந்த என்டிஎஃப்எஸ் டிஸ்க்கின் விவரங்களும் முழுசாக மூடப்படாமல் தொங்கலாம். லினக்ஸ் டிரைவர்கள் இதைப் பார்த்ததும் நியாயமாகவே பயப்படும். இன்னொருவர் பாதி எழுதி வைத்த கணக்கில் கை வைத்தால் இரண்டு பக்கமும் நாசம். ஆகவே எழுத மறுத்துவிடும், படிக்க மட்டும் விடும். என் அமைப்பில் அதுவே நடந்தது: முதலில் மவுண்ட் மறுக்கப்பட்டு, நான் எழுதி வைத்திருந்த மாற்று ஏற்பாட்டின்படி படிக்க மட்டும் மவுண்ட் ஆனது.

படிக்க முடிந்ததால் டிவி ஓடியது. எழுத முடியாததால் போன் படங்கள் எதுவும் சேரவில்லை. போனில் இருந்த பேக்கப் செயலி ஒவ்வொரு இரவும் முயன்று, தோற்று, யாருமே பார்க்காத ஓர் அறிவிப்பைப் போட்டுவிட்டுத் தூங்கியது. இருபத்திரண்டாம் நாள் அம்மா ஒரு படத்தைத் தேடினாள், இல்லை. நல்லவேளை, போனில் இருந்தது. போன் தொலைந்த பிறகு தேடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் கேட்கவில்லை. எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

இதைச் சரிசெய்ய விண்டோஸ் தேவைப்பட்டது என்பது உச்சம். லினக்ஸ் பக்கம் இருக்கும் என்டிஎஃப்எஸ் சரிசெய்யும் கருவி உண்மையில் சரிபார்ப்பதில்லை. சில சின்னக் கோளாறுகளை நீக்கி, ஜர்னலைக் காலி செய்து, 'அடுத்த முறை விண்டோஸ் பார்த்துக்கொள்ளட்டும்' என்று குறித்து வைக்கும், அவ்வளவுதான். முழுச் சோதனைக்கு விண்டோஸின் சிஎச்கேடிஎஸ்கே கருவிதான் வழி. அதாவது எந்த வசதிக்காக என்டிஎஃப்எஸ் வைத்தேனோ அந்த வசதியைப் பயன்படுத்திய முதல் நாளே அது காலை வாரியது. வாரிய காலை மறுபடி நிமிர்த்தவும் கழற்றிச் செருக வேண்டியிருந்தது.

எக்ஸ்ஃபேட் ஏன் வேண்டாம்

இந்த இடத்தில் நண்பர்கள் எல்லோரும் சொன்னது எக்ஸ்ஃபேட். 4 ஜிபி வரம்பு இல்லை, எல்லாக் கணினியிலும் திறக்கும், 2019-ல் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு லினக்ஸ் கர்னலிலேயே நல்ல டிரைவர் வந்துவிட்டது. செயலியையும் அதிகம் தின்பதில்லை. அத்தனையும் உண்மை. ஆனால் மின்வெட்டு என்ற கேள்வியைக் கேட்டால் எக்ஸ்ஃபேட்டின் பதில் ஃபேட்32-ன் பதிலேதான். ஜர்னல் இல்லை. அட்டவணைக்குப் பொதுவாக இரண்டாம் நகல்கூட இல்லை. 1 டிபி அளவில் விண்டோஸ் இயல்பாகத் தரும் கிளஸ்டர் 128 கேபி, குட்டிக் குட்டிக் கோப்புகள் நிறைய இருந்தால் இடம் தண்ணீராய்ப் போகும். கேமராவிலும் பைக்குள் போட்டுத் திரியும் டிரைவிலும் எக்ஸ்ஃபேட்டை நான் தாராளமாகச் சொல்வேன். ஆண்டு முழுக்க எழுதிக்கொண்டே இருக்கும், எப்போது பிளக் போகும் என்று தெரியாத இடத்தில் சொல்ல மாட்டேன்.

எஸ்எஸ்டியும் எக்ஸ்ட்4-ம்

கடைசியாக முடிவு செய்தேன்: ரவுட்டரில் வாழும் டிஸ்க் ரவுட்டரின் மொழியைப் பேசட்டும். 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, யூஎஸ்பி உறை ஒன்று, அதே ஹப். ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ட்4, 2008 முதல் லினக்ஸ் கர்னலில் நிலையாக இருப்பது. எஃப்2எஃப்எஸ்-ஐயும் யோசித்தேன். ஃப்ளாஷுக்காகவே சாம்சங் எழுதி 2013-ல் கர்னலில் சேர்ந்தது, பென்டிரைவ் அல்லது எஸ்டி கார்டில் வைக்க நல்ல தேர்வு. எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் தேய்மானத்தைப் பங்கிடும் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதால், கெட்டால் மீட்கும் கருவிகள் முதிர்ந்திருக்கும் எக்ஸ்ட்4 பக்கம் சாய்ந்தேன். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் 128 எம்பி ரேமுக்கு ஆகாது என்று கையை வைக்கவே இல்லை.

ஃபார்மேட்டை லேப்டாப்பில் செய்யாமல் ரவுட்டரிலேயே செய்தேன். இதற்குக் காரணம் ஒரு நண்பரின் வீட்டில் பார்த்தது. அவர் புத்தம்புது லினக்ஸ் லேப்டாப்பில் எக்ஸ்ட்4 போட்டு, பழைய ஃபர்ம்வேர் ஓடும் ரவுட்டரில் மாட்டினார். 'எனக்குத் தெரியாத வசதிகள் இதில் இருக்கின்றன' என்று கர்னல் மறுத்துவிட்டது. எக்ஸ்ட்4 என்ற பெயர் மாறவில்லையே தவிர, உள்ளே பிழையைக் காட்டிக்கொடுக்கும் செக்சம் போன்ற வசதிகள் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. புதிய கருவி அவற்றை இயல்பாகவே இயக்கிவிடும். 2.6 அல்லது 3-ல் தொடங்கும் கர்னல் ஓடும் ரவுட்டருக்கு அவற்றில் சில புரியாது. ரவுட்டரில் இருக்கும் கருவியால் ஃபார்மேட் செய்தால் இந்தத் தகராறு பெரும்பாலும் எழாது.

இயல்பான அமைப்பையும் அப்படியே விடவில்லை. எக்ஸ்ட்4 இயல்பாக 16 கேபிக்கு ஓர் ஐநோடு (ஒரு கோப்பின் விவரங்களை வைக்கும் இடம்) என்று ஒதுக்கும். 1 டிபிக்கு அது சுமார் 6 கோடியே 10 லட்சம் ஐநோடு, ஒன்று 256 பைட். பெருக்கிப் பார்த்தால் அட்டவணை மட்டும் 15 ஜிபிக்கு மேல். இடம் போவதைவிட இன்னொரு கவலை பெரிது: மின்வெட்டுக்குப் பிறகு சரிபார்க்கும் கருவி இந்த ஐநோடுகளுக்கான கணக்கை ரேமில் வைத்துத்தான் வேலை செய்யும். 128 எம்பியில் அது மூச்சு முட்டி நடுவிலேயே கொல்லப்படலாம். 64 கேபிக்கு ஒன்று என்று மாற்றினேன். ஒன்றரைக் கோடி ஐநோடு, 4 ஜிபிக்குள் அட்டவணை. 1 எம்பிக்கு ஒன்று என்று இன்னும் இறுக்கலாம். ஆனால் படங்களுக்குச் சிறுபடம் உருவாக்கும் செயலி ஏதாவது வந்தால், இடம் இருக்கும்போதே ஐநோடு தீர்ந்து 'டிஸ்க் நிறைந்துவிட்டது' என்ற விநோதத்தைப் பார்க்க நேரிடும். அடுத்து, ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்காக 5 சதவீதம் ஒதுக்கி வைக்கும் பழக்கம். சிஸ்டம் டிஸ்க்கில் அது அர்த்தமுள்ளது, படம் போடும் டிஸ்க்கில் 50 ஜிபி வீண். 1 சதவீதமாகக் குறைத்தேன். மவுண்டில் 'நோஎடைம்' சேர்த்தேன், படிப்பதற்கெல்லாம் நேரம் குறித்து எழுத வேண்டாம்.

டேட்டா கணக்கை ரேமுக்கு மாற்றினேன். ரவுட்டர் ஓடும் வரை ரேமில் எழுதும், ஒரு நாளைக்கு ஒருமுறை டிஸ்க்குக்கு ஒரு நகல். பிளக் போனால் ஒரு நாள் கணக்கு போகும், போகட்டும். 2,880 இப்போது 1.

எஸ்எஸ்டி முதல் நாள் தகராறு செய்தது. பெரிய காப்பியின் நடுவே லாகில் ரீசெட் ரீசெட் என்று வரிகள். கரண்ட் என்று நினைத்து ஹப்பை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. சில யூஎஸ்பி உறைகளில் இருக்கும் பிரிட்ஜ் சிப்புக்கு யுஏஎஸ் என்ற வேகமான நெறிமுறை சரியாக வராது. குறிப்பிட்ட அந்தச் சிப்புக்கு மட்டும் யுஏஎஸ் வேண்டாம் என்று கர்னலிடம் சொன்னதும் அடங்கியது. ரவுட்டரின் வேகத்துக்கு அதனால் ஒரு நஷ்டமும் தெரியவில்லை.

இன்னொரு புகார் அக்காவிடமிருந்து: படங்கள் ஏறும் நேரத்தில் அவள் அறையில் வைஃபை விழுகிறது. இது டிஸ்க்கோடு சம்பந்தப்பட்டது என்று நம்பவே சிரமமாக இருந்தது. யூஎஸ்பி 3.0-ன் 5 ஜிகாபிட் சிக்னல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012-லேயே ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. அவள் அறையில் இருப்பதும் 2.4 மட்டும் தெரிந்த பழைய சாதனம். ரவுட்டருக்கும் ஹப்புக்கும் நடுவே யூஎஸ்பி 2.0 கேபிள் போட்டேன், இணைப்பு தானாக 480 மெகாபிட்டுக்கு இறங்கியது. நடைமுறையில் வினாடிக்கு 30 எம்பி சொச்சம் கிடைக்கிறது. போன்கள் வைஃபையில் அனுப்பும் வேகமே அதைவிடக் குறைவு. வாங்கும்போது யூஎஸ்பி 3.0 என்ற நீல நிறத்துக்காக மகிழ்ந்தது நினைவுக்கு வந்தது.

பிளக் பிடுங்கும் சோதனை

நம்புவதற்கு முன் ஒருமுறை கொடுமைப்படுத்திப் பார்க்க விரும்பினேன். வரிசை எண்ணோடு கோப்புகளை எழுதி, ஒவ்வொன்றின் எம்டி5 கணக்கையும் (கோப்பு மாறினால் மாறிவிடும் அடையாள எண்) லேப்டாப் பக்கம் குறித்துக்கொள்ளும் சிறு ஸ்கிரிப்ட். அது ஓடும்போது ரவுட்டர், ஹப் இரண்டின் பிளக்கையும் ஒன்றாகப் பிடுங்கினேன், பத்து முறை. பத்து முறையும் எக்ஸ்ட்4 தன் ஜர்னலைத் திருப்பி ஓட்டி 'மீட்பு முடிந்தது' என்று ஒரு வரி எழுதிவிட்டுச் சில வினாடிகளில் மவுண்ட் ஆனது. பிடுங்கிய கணத்துக்குச் சற்று முன் வந்த சில கோப்புகள் இல்லை, அல்லது பெயர் இருந்து அளவு பூஜ்யமாக இருந்தது. அவற்றுக்கு முந்தையவை அத்தனையும் எம்டி5 பொருந்தின. பூஜ்யக் கோப்பைப் பார்த்து அதிர வேண்டியதில்லை: இயல்பான அமைப்பில் ஜர்னல் காப்பது ஃபைல் சிஸ்டத்தின் கட்டுக்கோப்பை, கடைசியாக வந்த தரவை அல்ல. பேக்கப் செயலி அந்தச் சிலவற்றை மறுநாள் இரவு மறுபடி அனுப்பிவிட்டது.

அதன்பிறகு ஒரு வேலை செய்தேன், முதலிலேயே செய்திருக்க வேண்டியது. ஒவ்வொரு காலையும் ரவுட்டர் டிஸ்க்கில் ஒரு குட்டிக் கோப்பை எழுதிப் பார்க்கும். எழுத முடியாவிட்டால் என் போனுக்குச் செய்தி வரும். படிக்க முடிகிறதா என்று பார்ப்பது சோதனையே இல்லை என்பதை அந்த இருபத்திரண்டு நாள் சொல்லிக் கொடுத்தது.

பதினான்கு மாதம் ஆகிறது. எஸ்எஸ்டியின் உறைமேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: 'லேப்டாப்பில் செருக வேண்டாம். ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் சொல்.' விண்டோஸ் எக்ஸ்ட்4 டிஸ்க்கைப் பார்த்தால் அப்படித்தான் கேட்கும், பழக்கதோஷத்தில் 'சரி' அழுத்திவிட்டால் முடிந்தது கதை. ரவுட்டரே செத்துப்போனாலும் லினக்ஸ் ஓடும் எந்தக் கணினியிலும் டிஸ்க்கைத் திறக்கலாம். பென்டிரைவிலிருந்து பூட் ஆகும் லைவ் லினக்ஸ் போதும்.

பழைய ஹார்டு டிஸ்க்கை எறியவில்லை. எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்து அலமாரியில் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை ஹப்பின் இரண்டாவது துளையில் மாட்டி, ரவுட்டருக்குள்ளேயே எஸ்எஸ்டியிலிருந்து அதற்கு நகல் எடுத்து, முறையாக அன்மவுண்ட் செய்து கழற்றிவிடுவேன்.

போன வாரம் அக்கா வந்து நின்றாள். "அந்த டிஸ்க்கக் கழட்டிக் குடு. அறுபது ஜிபி எடுக்கணும்."

"கழட்ட வேண்டாம்க்கா. நெட்வொர்க்லயே எடுத்துக்கோ."

"பாத்தேன். ஒன்றரை மணி நேரம் காட்டுது."

கணக்கு சரிதான். அவள் லேப்டாப்பின் வைஃபைக்கு வினாடிக்கு 12 எம்பி வீதம், 83 நிமிடம். அலமாரியைத் திறந்து எக்ஸ்ஃபேட் டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தேன். சீட்டு எதுவும் ஒட்டாத டிஸ்க் அது.